யாமை நினைவும் மானத தீக்கையும்

தீக்கை எழுவகைத்தென நம் ஆகமங்கள் வகுத்தமை சைவ நன்மக்கள் அறிந்ததே. அவற்றுள் நயனம், பரிசம், மானதம் என்னும் மூன்றனையும் மாணாக்கர்க்கு விளக்கப் புகும் ஆசிரியர், தொன்றுதொட்டு மூன்று உயிர்களை எடுத்துக் காட்டுவர். மீன் தன் சினையைப் பார்வையாற் பொரிக்கும். பறவை தன் முட்டையைச் சிறகால் அணைத்துப் பரிசத்தாற் பொரிக்கும். யாமையோ கரைமணலிலே முட்டையைப் புதைத்துவிட்டுக் கடலுட் சென்று, ஆண்டிருந்தபடியே நினைந்து, அந்நினைவாற் பொரிக்கும். அவ்வாறே ஞானாசிரியனும் நோக்கானும் தீண்டலானும் பாவனையானும் மாணாக்கனது மலத்தின் வலியைக் கெடுத்து அவனைச் சிவன்பாற் சேர்ப்பன் என்க.

எளியேன் திருமடத்திற் பாடங்கேட்ட இளமையில் இம்மூன்று உவமைகளையும் ஆசிரியர் வாய்மொழியாற் கேட்டபோது, மூன்றாவதே நெஞ்சைப் பற்றியது. மீனும் பறவையும் அருகிருந்து செய்வன; யாமை எங்கோ இருந்து செய்வது. பெற்றோரைப் பிரிந்து மடத்துச் சோறுண்டு வளர்ந்த சிறுவன் ஒருவனுக்கு, எங்கோ ஒருவர் தன்னை நினைக்கின்றார், அந்நினைவே தன்னை வளர்க்கின்றது என்பதினும் ஆறுதலான சொல் வேறு யாது? இரவில் படுத்திருக்கும்போது என்னை முட்டையாகவும், திருமடத்தின் கூடத்தை மணலாகவும், ஊரிலிருந்த அன்னையைக் கடலிலுள்ள யாமையாகவும் எண்ணிக்கொண்டு உறங்கிய நாட்கள் பல.

பின்னர், இராமநாதபுரத்துக் கடற்கரையூர் ஒன்றில் தமிழாசிரியனாய் அமர்ந்தேன். மாலைப்பொழுதில் விரும்பிவரும் சிறார்க்குச் சைவ சமய பாடமும் சொல்லிவந்தேன். 1988 ஆம் ஆண்டென நினைவு. ஒருநாள் மானத தீக்கையை விளக்கி யாமை உவமையைச் சொல்லிமுடித்தேன். கடைசி வரிசையிலிருந்த பரதவர் குடிச் சிறுவன் ஒருவன் எழுந்து நின்றான். “ஐயா, தாய் நினைக்காவிட்டாலும் குஞ்சு பொரிக்குமே. என் பாட்டனார், முட்டையிட்டுத் திரும்பிய பேராமை ஒன்றைக் கரையிலேயே புரட்டிப்போட்டு அறுத்தாராம். தாய் செத்துப்போயிற்று. குஞ்சுகள் பொரித்தன. செத்த ஆமை எப்படி ஐயா நினைக்கும்?” என்றான்.

அன்பர்காள், அவ்வினாவில் ஏளனம் இல்லை. அறியும் விருப்பமே இருந்தது. யான் சொன்ன விடையோ, “அருள்நூல் வழக்கை ஆமை அறுப்பார் கதைகொண்டு அளவாதே, உட்கார்” என்பது. ஏனைய சிறார் சிரித்தனர். அவன் அமர்ந்தான். மறுநாள் தொட்டு மாலைப்பாடத்திற்கு வந்திலன். அவன் வினாவிற்கு அன்று என்னிடம் விடை இல்லை. விடையின்மையைச் சினத்தால் மூடினேன். பணியினின்றும் ஓய்வுபெற்ற பின்னர், இக்கடன் நெஞ்சை உறுத்த, கடலாமையின் இயல்பை ஆராய்ந்தோர் எழுதியவற்றைத் தேடிப் படிக்கலானேன். படித்தவற்றையும் அவற்றால் எழுந்த ஐயங்களையும் ஈண்டு எழுதுகின்றேன்.

நம் நெய்தல்நில மக்கள் பேராமை என வழங்குவதனையே பிறநாட்டார் பச்சையாமை என்பர். அப்பெயர் ஓட்டின் நிறம்பற்றி வந்ததன்று. உள்ளே படிந்துள்ள கொழுப்பின் பசுமை பற்றி, அறுத்துண்டார் இட்டது. ஓருயிர்க்குப் பெயர்தானும் அதனைக் கொன்றபின் கண்ட நிறத்தால் அமைந்தமை நினைக்கத்தக்கது. முழு வளர்ச்சியுற்றது மூன்றடிக்கு மேற்பட்ட ஓடும், நூறு கிலோவிற்கு மேற்பட்ட எடையும் உடையது. உலகில் வெப்பமும் மிதவெப்பமும் உள்ள கடல்கள் எங்கும் வாழ்வது. நம் பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் உள்ள கடற்புல் வெளிகளில் மேய்வது. வளர்ந்தபின் பெரும்பாலும் கடற்புல்லும் பாசியுமே அதன் உணவு. அவற்றை அரிதற்கென்றே அதன் தாடை அரம்போல் விளிம்புடையது. இதுபற்றி இதனைச் சைவ உணவினது என்று நகையாடும் நண்பர் எனக்குண்டு. இளமையில் ஊனும் உண்ணும் ஆதலின் அப்பெருமையை முழுதும் கொடுத்தற்கில்லை.

இடையே ஒன்று சொல்லிச் செல்வேன். திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரத்து வரும் ஆமை, ஐந்து உறுப்புக்களையும் ஓட்டினுள் அடக்குவது. கடலாமைக்கு அது இயலாது. துடுப்புப் போன்ற கால்களையும் தலையையும் உள்ளிழுத்துக்கொள்ளும் அமைப்பு அதற்கு இல்லை. எனவே வள்ளுவனார் கண்டது குளத்தும் நிலத்தும் வாழும் ஆமை என்பது தேற்றம். ஆமை என்னும் ஒரு பெயரால் பல்வேறு இயல்பினவற்றை நாம் ஒன்றாக வைத்துப் பேசுகின்றோம் என்பதற்கு இது சான்று.

பெண்யாமை பருவமெய்துதற்கு ஏறத்தாழ இருபத்தைந்து முதல் நாற்பது ஆண்டுகள் வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் முட்டையிடுவதன்று. இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மேய்ச்சற் கடலை விட்டு நெடுந்தொலைவு நீந்தி, முட்டையிடும் கரையை அடையும். அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே அசென்சன் என்றொரு சிறு தீவு உண்டு. பிரேசில் நாட்டுக் கரையோரத்தில் மேயும் பேராமைகள் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட திறந்த கடலைக் கடந்து அத்தீவையே நாடி வருகின்றன. கடற்பரப்பில் ஒரு கடுகனைய தீவு அது.

கரையேறுவது இரவில். நீரில் எளிதாய் மிதந்த பேருடல் மணலில் தன் சுமையைத் தானே இழுக்கவேண்டும். சிறிது நகரும், நின்று மூச்சுவிடும், மீண்டும் நகரும். அலையேறும் எல்லைக்கு அப்பால் இடங்கண்டு, முன்கால்களால் உடல் பதியும் பள்ளம் ஒன்று பறித்து, பின்கால்களால் அதனுள் குடம்போன்ற குழி ஒன்று தோண்டும். கண்ணாற் காணவியலாத குழியைப் பின்கால்கள் மாறிமாறி மணலை அள்ளி வெளியேற்றி அமைக்கும் செம்மை, கண்டாரை வியப்பிக்கும். அதனுள் நூறு முட்டைகளுக்கு மேலும் இட்டு, மணலால் மூடி, குழியிருந்த இடம் தெரியாதவாறு சுற்றிலும் மணலை வாரியிறைத்து, விடியுமுன் கடல் சேரும். இருவாரம் கழித்து மீண்டும் வரும். ஒரு பருவத்தில் இவ்வாறு பலமுறை வந்து இட்டபின் மேய்ச்சற் கடலுக்கே திரும்பிவிடும். இட்ட குழியைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

முட்டையிடும்போது அதன் கண்களில் நீர் வடியும். பிள்ளைகளைப் பிரியும் தாய் அழுகின்றாள் என்று நம்மவரும் பிறரும் இதனைச் சொல்வர். கடல்நீரோடும் உணவோடும் உட்சென்ற உப்பை வெளியேற்றும் சுரப்பி கண்ணருகே உண்டு, அவ்வுப்புநீரே அது. கடலுள்ளும் அது வடிந்துகொண்டே இருக்கும். கரையில்தான் நம் கண்ணுக்குப் புலனாகின்றது.

இனி முட்டைக்கு வருவோம். புதைத்த மணலின் வெப்பமே அதனைப் பொரிக்கின்றது. ஞாயிறு மணலைச் சுடுகின்றது. மணல் முட்டையைச் சுடுகின்றது. ஏறத்தாழ இரண்டு திங்களில் குஞ்சு ஓட்டைக் கிழிக்கின்றது. வெப்பம் மிக்க மணலில் விரைந்தும், குளிர்ந்த மணலில் தாழ்த்தும் பொரிக்கும். அவ்வளவேயன்றி, குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் அம்மணலின் வெப்பத்தாலேயே உறுதியாகின்றன. ஏறத்தாழ 29 பாகை செல்சியசு வெப்பத்தில் இருபாலும் கலந்து பிறக்கும். அதனிற் குறையின் ஆண் மிகும், மிகின் பெண் மிகும். இதில் தாயின் நினைவிற்கு இடம் எங்கே?

ஐயுறுவார்க்கு மற்றொன்று. 1988 ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னைக் கடற்கரையில் மாணவர் குழுவினர் சிலர் பருவந்தோறும் இரவில் நடந்து, பங்குனியாமை இட்ட முட்டைகளை எடுத்து, நாயும் மனிதரும் தீண்டாதவாறு வேலியிட்ட மணற்பரப்பில் வேறு குழிதோண்டிப் புதைக்கின்றனர். அங்ஙனம் புதைப்போர், இட்ட சில மணிநேரத்திற்குள் எடுத்தல் வேண்டும். கரு ஓட்டின் உட்புறத்தே பற்றிக்கொண்டபின் முட்டையைப் புரட்டின் அது இறந்துபடும். உரியவாறு எடுத்துப் புதைத்தவை பொரிக்கின்றன. தாய் நினைப்பதாயின் தான் இட்ட இடத்தையன்றோ நினைக்கும்? முட்டை இடம்மாறியது அது அறியாது. இரண்டாண்டு முன்னர் யானும் அவர்களோடு ஓரிரவு நடந்தேன். கல்லூரி மாணவர் ஒருவர் குழியுள் தோள்வரை கையைவிட்டு, ஒவ்வொரு முட்டையாய், மேற்புறம் மேற்புறமாகவே இருக்க எடுத்துப் பையில் வைத்த பொறுமையைக் கண்டபோது, 1988 இல் எழுந்து நின்ற சிறுவனே எதிரில் இருப்பதுபோலத் தோன்றிற்று.

இக்கருத்து வடநூலார்க்கு மட்டும் உரியதன்று, தமிழிலும் பழையது. ஐங்குறுநூறு 44 ஆம் பாட்டில், பொய்கையாமையின் இளம்பார்ப்புத் தாயின் முகத்தை நோக்கி வளர்தல் உவமையாகின்றது. குறுந்தொகை 152 ஆம் பாட்டில், காதலர் கைவிட்ட காமம், தாயில்லாத முட்டைபோல் உள்ளே கிடந்து அழியும் எனத் தலைவி கூறுகின்றாள். யாமைப் பார்ப்பும் அங்கே உவமை. அகநானூறு 160 ஆம் பாட்டிலோ, சூல்யாமை மணலிற் புதைத்த முட்டையைப் பார்ப்பு வெளிப்படும் அளவும் ஆண்யாமை காக்கின்றது. புதைத்தலும், முட்டையின் வட்ட வடிவும், அதன் புலால் நாற்றமும் அப்பாட்டில் கண்டெழுதியவை. ஆண் காத்தல் மட்டும் கருதியெழுதியது. ஆண் கடலாமை முட்டை காக்கக் கரையேறுவதில்லை. புலவர் கண்ணாற் கண்ட வரையில் பிழையே இல்லை. காணாத இடத்தில் மனிதத் தாய்தந்தையரை அங்கே இருத்திவிட்டனர். இது குற்றமென யான் கூறேன். தனியே விடப்பட்ட முட்டை ஒன்றைக் கண்ட நல்லுள்ளம், இதற்கு யாரேனும் இருத்தல் வேண்டும் எனத் துணிதல் இயல்பே.

அற்றேல், மானத தீக்கைக்கு யாமையை உவமையாக்கல் தகுமோ தகாதோ என்பது வினா. தகும் என்பார் சிலரோடு யான் உரையாடியதுண்டு. “தாய் இறந்ததாயினும், இறக்குமுன் நினைந்த நினைவு சென்று முட்டையைப் பற்றிற்று, அதுவே பொரித்தது” என்றார் ஒருவர். இவ்வாறு சொன்னால் எந்த நிகழ்ச்சியும் தம் கூற்றை மறுத்தற்கில்லை. ஆதலின் எந்த நிகழ்ச்சியும் அதனை நிறுவுதற்கும் இல்லை. மற்றொருவர், “ஞானிகள் கண்டது நுண்ணிய நினைவு, ஆராய்ச்சியாளர் காண்பது பருப்பொருள்” என்றார். பருப்பொருளாகிய முட்டையைத் தாமே உவமையாக எடுத்துக்கொண்டு, வினவியவுடன் நுண்பொருட்கு ஓடுதல் முறையன்று.

நம் நூல் மரபே இங்கு நமக்குத் தீர்ப்புச் சொல்லும். சிவஞானபோதம் மேற்கோளும் ஏதுவும் எடுத்துக்காட்டும் என்னும் முறையில் அமைந்தது. எடுத்துக்காட்டாவது வாதிக்கும் எதிர்வாதிக்கும் உடன்பாடாய பொருளாதல் வேண்டும் என்பது அளவை நூலார் துணிபு. அடுக்களையில் புகையும் தீயும் உடனிருத்தலை இருவரும் கண்டமையால்தான் அது மலையின்கண் உள்ள தீயைத் துணிதற்கு உதவுகின்றது. மாணாக்கன், “அடுக்களையில் தீ இல்லை, என் பாட்டனார் பார்த்தார்” என்றால், அவனை உட்காரச் சொல்லுதல் அளவையன்று. எதிரில் உள்ளானுக்குப் பொய்யெனத் தெரிந்த எடுத்துக்காட்டைக் கொண்டு மெய்ப்பொருளை நிறுவப் புகுவோன், அம்மெய்ப்பொருளையே ஐயத்திற்கு உள்ளாக்குகின்றான். அன்று அச்சிறுவன் ஐயுற்றது யாமையை மட்டுமாயிருக்கும். என் விடையைக் கேட்டபின் தீக்கையையும் ஐயுற்றிருப்பான்.

ஆயின் தீக்கை உண்மை யாமையால் நிறுவப்படுவதன்று, ஆகமத்தால் நிறுவப்படுவது. யாமை அதனை விளக்க வந்ததேயன்றி நாட்ட வந்ததன்று. யாமை விழுந்தால் தீக்கை விழாது; தாங்காத தூண் ஒன்று சாய்ந்ததனால் மண்டபம் சாய்வதில்லை. அங்ஙனமாயின், அணிநூலார் இல்பொருளுவமை என ஒன்று வகுத்தாராகலின், உலகில் இல்லாத யாமை ஒன்றை உவமித்ததாக வைத்துக்கொள்ளலாமே எனின், செய்யுளில் வைத்துக்கொள்ளலாம். இல்பொருளுவமை சொல்வோனும் கேட்போனும் அஃது இல்பொருள் என்று அறிந்தே மகிழ்வர். வகுப்பில் “யாமை இவ்வாறு செய்யும்” என உலக நிகழ்ச்சியாகச் சொல்லிவிட்டு, வினா எழுந்தபின் இல்பொருளுவமை என்றல் தப்பித்தலே. எனவே இப்பொழுது யான் சொல்லுவதாயின், முன்னோர் இவ்வாறு கருதினர் என முதலிற் சொல்லி, பின்னர் மணலையும் ஞாயிற்றையும் சொல்லுவேன்.

இவ்விடத்தில் மற்றொரு வழி எளிதாய்த் திறக்கின்றது. ஞாயிறு யாதொரு விருப்பும் இன்றித் தன் சந்நிதி மாத்திரையால் முட்டையைப் பக்குவப்படுத்துகின்றது. ஞாயிற்றின் முன் தாமரை அலர்தலை நம்மவர் இறைவன் தொழிலுக்கு உவமிப்பதுண்டு. ஆகவே யாமை போயினும் ஞாயிறு வந்தது, உவமை முன்னினும் சிறந்தது எனல் கூடும். இவ்வாறு எழுதிப் பார்த்தேன்; அழகாகவே இருந்தது. பின்னர் அடித்துவிட்டேன். அதே ஞாயிறு சற்று மிகுதியாகச் சுட்டால் முட்டை வெந்து சாகின்றது. பொரித்து வெளிவந்த குஞ்சுகளும், நண்டிற்கும் பறவைக்கும் மீனுக்கும் இரையாகி, ஆயிரத்தில் ஒன்றளவே முழுப்பருவம் எய்தும் என ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகின்றனர். சிறந்தது என்று நாம் எடுக்கும் உவமையில் இவற்றை எல்லாம் மறைக்கவேண்டியிருக்கும். ஓர் உவமை விழுந்தவுடன் மற்றொன்றால் குழியைத் தூர்க்க விரையும் மனம், உயிரை நோக்குவதன்று. தன் பாடத்தை நோக்குவது.

யாமையையே நோக்கினால் வியப்பு இல்லாமலில்லை. கடலைக் கடக்கும் நினைவு ஒன்று உண்டு. அது தாயிடத்தன்று, சேயிடத்து. பொரித்த குஞ்சுகள் கூட்டமாய் மணலைக் கீழே தள்ளித் தள்ளிச் சில நாட்களில் மேலெழும்பி, மணல் குளிர்ந்த இரவில் வெளிப்பட்டு, கடற்புறத்து வெளிச்சத்தை நோக்கி ஓடும். பல ஆண்டுகள் திறந்த கடலில் அலைந்து, பின்னர்க் கரையோர மேய்ச்சல் நிலங்களைச் சேர்ந்து, இருபது முப்பது ஆண்டுகளின்பின் தான் பிறந்த கரைப்பகுதிக்கே முட்டையிட வரும். தாய்வழி மரபணுவை ஆராய்ந்தோர் 1990 ஆம் ஆண்டில் இதற்குச் சான்று வெளியிட்டனர். வழியை எவ்வாறு அறிகின்றது? நிலவுலகின் காந்தப்புலத்தை அது உணர்கின்றது. புளோரிடாக் கரையில் பிடித்த இளம் பேராமைகளை ஆராய்ச்சியாளர் நீர்த்தொட்டியிற் கட்டிநிறுத்தி, 300 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே உள்ள இடத்தின் காந்தப்புலத்தை அமைத்தபோது அவை தெற்கு நோக்கி நீந்தின. தெற்கே உள்ள இடத்தின் புலத்தை அமைத்தபோது வடக்கு நோக்கி நீந்தின. 2004 ஆம் ஆண்டில் வெளிவந்த செய்தி இது. தொட்டியிற் கிடந்தபடியே அவை தம் இடத்திற்குத் திரும்ப முயன்றன.

தாய் மறந்தது, சேய் மறக்கவில்லை. மறந்தது எனலும் பிழையே. மறத்தற்கு முன் அறிதல் வேண்டும். யாமைத் தாய் தன் குஞ்சின் முகத்தை ஒருகாலும் கண்டதில்லை. மடத்துக் கூடத்தில் படுத்துக்கொண்டு அன்னையைக் கடலில் இருத்திய சிறுவன் உண்மையில் செய்தது யாது என இப்பொழுது எண்ணுகின்றேன். அன்னை நினைத்திருப்பாள், ஐயமில்லை. ஆயினும் அவ்விரவுகளில் கடல் கடந்து சென்றது அவன் நினைவே.

இனி, எழுதத் தொடங்கியபோது எதிர்பாராத ஒன்று. காணாமலும் தொடாமலும் தொலைவிலிருந்தே யாமை முட்டையைப் பற்றி மாற்றும் ஒன்று உலகில் இல்லை என்று மேலே கூறினேனல்லேன். தாயின் நினைவு அதுவன்று என்றே கூறினேன். அத்தகைய ஒன்று உண்டு. அது நம் புகை. நாம் எரிக்கும் கரியும் எண்ணெயும் வளியில் ஏறி உலகை வெம்மைப்படுத்த, அவ்வெம்மை மணலில் இறங்குகின்றது. ஆசுத்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியிற் பிறந்த பேராமைகளை ஆராய்ந்து 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், இளையவற்றுள் நூற்றுக்கு 99 க்கு மேல் பெண்ணே எனக் கண்டனர். வளர்ந்தவற்றுள் அவ்விகிதம் நூற்றுக்கு 87 அளவே. ஆதலின் இது ஓரிரு தலைமுறையில் நேர்ந்த மாறுதல். அக்கரையை நாம் கண்டதில்லை. அம்முட்டைகளை நினைத்ததும் இல்லை. ஆயினும் அவற்றுள் ஆண்பிறவாமைக்கு ஏதுவானோம். மானதம் என்பது நினைந்து அருள்செய்தல். நாம் செய்வதோ நினையாமலே கேடு செய்தல். வினை செய்தான் அறியாவிடினும் வினை அவனை அறியும் என்று சொல்லிவந்த நமக்கு, அவ்வினை எத்துணைத் தொலைவு செல்லும் என்பது மட்டுமே புதிது.

முன்னாளில் நம் கொடுமை அருகிருந்து செய்தது. அசென்சன் தீவில் 1815 ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை தங்கிய பின்னர், கரையேறிய பேராமைகளை மல்லாத்திப் போட்டு, குளங்களில் அடைத்துவைத்து, கப்பல்கட்கு உணவாக ஏற்றினர். இலண்டன் செல்வர் விருந்தில் ஆமைச்சாறு பெருஞ்சிறப்புடையதாயிருந்தது. நம் தென்கரையிலும் அறுத்து விற்றனர். 1972 ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 1977 இல் கடலாமைகள் சேர்க்கப்பட்டபின் அது குற்றமாயிற்று. நாட்டுக்கு நாடு இத்தகைய காவல் ஏற்பட்டமையால், நெடுங்காலம் அழியும் நிலையிலிருந்த பேராமையை, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தார் 2025 அக்டோபரில் அப்பட்டியலினின்றும் இறக்கி, அச்சம் குறைந்தவற்றுள் வைத்தனர். அறுத்தலைக் கைவிட ஒரு சட்டம் போதுமாயிற்று. புகையைக் கைவிடல் அத்துணை எளிதன்று. இவ்விதழை அச்சிடும் பொறியும், இதனை உங்கள்பால் கொணரும் வண்டியும் புகைவழிப்பட்டனவே.

சென்ற ஆண்டு தை மாதத்தில் பழைய பள்ளியூருக்குச் செல்ல நேர்ந்தது. அச்சிறுவன் இன்று ஐம்பதை அணுகும் அகவையினன். தனக்கென ஒரு படகும், மணமான மகளும் உடையவன். கடற்கரையில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, “வாங்க ஐயா” என்று ஓலைத்தடுக்கை விரித்தான். யான் அன்று சொன்ன சொல்லை நினைவூட்டி, அது பிழை, நீ சொன்னதே மெய் என்றேன். அவன் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தான். “எனக்கு நினைவில்லையே ஐயா. அந்த ஆண்டு அப்பாவுக்குக் காலில் அடிபட்டுப் படுத்துவிட்டார். நான் மாலையில் படகுத்துறைக்குப் போனேன். அதனால்தான் பாடத்திற்கு வரவில்லை” என்றான்.

முப்பத்தாறு ஆண்டுகள் யான் சுமந்தது அவன்பால் இல்லாதிருந்தது. சற்றே நாணமாயிருந்தது. பேச்சை மாற்றும்பொருட்டு, அப்பேராமையை அறுத்தபின் உன் பாட்டனார் என்ன செய்தார் என வினவினேன்.

“இறைச்சியை ஊரில் பங்கிட்டார். முட்டையைத் தோண்டவில்லை. தோண்டியிருந்தால் அதற்கும் காசு கிடைத்திருக்கும். மணலைத் திரும்ப மூடி, நாய் கிளறாமல் இருக்க உடைமுள்ளை வெட்டிப் போட்டுவைத்தாராம். பொரிக்கும்வரையில் இரண்டு நாளைக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவந்தார் என்று பாட்டி சொல்லும்.”

“ஏன் அப்படிச் செய்தார்?”

“தெரியவில்லை ஐயா. கேட்டதற்கு, அந்தப் பக்கம் போகிற வேலை இருந்தது என்பாராம். அந்தப் பக்கம் ஒரு வேலையும் இருந்ததில்லை” என்று சொல்லி, அவன் மீண்டும் வலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.